ஈரத்தோடு மடிக்காதீர்கள்

"காசு குடுத்தோ முகாமுக்குப் போறியள்?" என்று அம்மம்மா கேட்டார். ஐந்து பேர் படுக்கக்கூடிய குடும்பக் கூடாரம் ஒன்றை வாங்கி வந்து, லண்டன் வீட்டின் கூடத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வியில் இருந்தது கேலியா வருத்தமா என்று அன்று எங்களுக்குப் பிடிபடவில்லை. 2009இல் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பதினொரு மாதங்கள் கூடாரத்தில் வாழ்ந்தவர் அவர். ஆங்கிலேயர் ‘கேம்பிங்’ என்பதை நாம் ‘முகாமிடுதல்’ என்று எழுதிவிடலாம். ஆனால் ஈழத்தமிழர் காதில் முகாம் என்ற சொல் விழும்போது முள்கம்பியும் தண்ணீர் வரிசையும் அதனோடு சேர்ந்தே விழுகின்றன.

விடுமுறைக்குக் கொண்டுசெல்லும் கூடாரத்தை அமைப்பது, மடிப்பது, பேணுவது பற்றி எழுதவே உட்கார்ந்தோம். அம்மம்மாவை விட்டுவிட்டு அதை எழுத முடியவில்லை. எங்களுக்கு இந்த விஷயத்தில் ஆசிரியராக அமைந்தவர் அவர்தான்.

அமைப்பது எளிது. சற்றே மேடான சமதரை வேண்டும். மரத்தடி ஆகாது, கிளை முறியலாம், பிசின் விழும், மழை நின்ற பின்னும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். வாசல் காற்றை எதிர்கொள்ளக் கூடாது. கம்புத் துண்டுகளை உள்ளே ஓடும் மீள்கயிறு ஒன்று இணைக்கிறது. ஆகவே துணிக்குழாய் வழியே கம்பைத் தள்ள வேண்டும், இழுத்தால் மூட்டு கழன்று நடுவில் சிக்கிக்கொள்ளும். முளை அடிப்பதற்கு முன் வாசலின் ஜிப்பை மூடிவிட வேண்டும். திறந்து வைத்து இழுத்துக் கட்டினால் பிறகு அது மூடாது. முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இவ்வளவையும் எங்கள் பிள்ளைகள் இரண்டாவது பயணத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டனர். வீடு ஒன்று அரைமணி நேரத்தில் எழுந்து நிற்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மடிப்பதற்கு அந்த மகிழ்ச்சி கிடையாது. இலக்கியமும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு, தன் 103 அடிகளுக்குள் ஒரு பாசறையையே எழுப்பிக் காட்டிவிடுகிறது. காட்டை வெட்டுகிறார்கள், முள்வேலி இடுகிறார்கள், தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக நிற்கின்றன, அரசனின் இருப்பிடத்தை யவனர் காக்கின்றனர். அந்தப் பாசறை எவ்வாறு கலைக்கப்பட்டது என்பதற்கு நப்பூதனார் ஓர் அடியும் செலவிடவில்லை. பாட்டு முடிகையில் தேர் வீடு நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நாங்களும் அவ்வாறே தேரேறி வந்தவர்கள்தாம்.

முதற்பயணம் லேக் டிஸ்ட்ரிக்ட்டின் பாரோடேல் பள்ளத்தாக்குக்கு. அங்குள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது என்பதைப் போன பிறகே அறிந்தோம். புறப்படும் காலையில் மழை. கூடாரத்தை அள்ளிச் சுருட்டிப் பைக்குள் திணித்து, வீடு வந்ததும் கராஜில் போட்டு மறந்துபோனோம். மூன்று வாரம் கழித்துப் பையைத் திறந்தபோது எழுந்த வாடையில் அம்மம்மாவே வெளியே வந்துவிட்டார். வெளித்துணியில் கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன.

"ஈரத்தோட மடிச்சனீங்களோ பிள்ளையள்?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கூடாரத்தைத் துணிக்கொடியில் விரிக்கச் சொல்லி, வாளியில் இளஞ்சூட்டு நீர் எடுத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். சவர்க்காரம் போடலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்று தலையாட்டினார். பூஞ்சணம் போயிற்று, புள்ளிகள் இன்றும் இருக்கின்றன.

அவர் அனுபவத்தால் அறிந்திருந்ததன் காரணத்தை நாங்கள் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். இன்றைய கூடாரத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். மழையைத் தடுப்பது அதன்மேல் பூசிய பாலியுரேத்தேன் படலம். ஈரமும் வெப்பமும் சேர்ந்து நீடித்தால் நீர்ப்பகுப்பால் அந்தப் படலம் சிதைந்து பிசுபிசுக்கும். பிறகு உரிந்து வரும். சலவைத்தூள் நீரை விலக்கும் பூச்சைக் கெடுக்கும். சலவை இயந்திரம் தையலோரத்தில் ஒட்டிய நாடாவையே கிழித்துவிடும். வெயிலும் நண்பனன்று. காய்வதற்கு வேண்டிய அளவு போதும். வாரக்கணக்கில் வெயிலில் நின்றால் புற ஊதாக் கதிர் இழையை இற்றுப்போகச் செய்யும்.

மடிக்கும் முறையும் உண்டு. உள்ளே கூட்டிப் பெருக்கி, தரைவிரிப்பின் அடிப்பக்கத்து மண்ணைத் துடைக்க வேண்டும். முளைகளை மண் போகத் தட்டி எண்ணி வைக்க வேண்டும். கம்புகளை நடுவிலிருந்து இருபுறமும் மடக்கினால் மீள்கயிற்றின் இழுப்பு எங்கும் சமமாக இருக்கும். துணியைப் பையின் அகலத்துக்கு மடித்து, காற்று வெளியேறும்படி வாசற்பக்கம் நோக்கிச் சுருட்ட வேண்டும். மழையில் புறப்பட நேர்ந்தால், வீடு சேர்ந்த மறுநாளுக்குள் எங்காவது விரித்துக் காயவிட வேண்டும். படிக்கட்டின் கைப்பிடியிலும் குளியலறைக் கம்பியிலும் அது தொங்குவதைப் பார்த்துச் சிரிக்கும் விருந்தினர் சிரிக்கட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, மலிவாகத்தானே கிடைக்கிறது என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் பதில் சொல்ல விரும்புகிறோம். பிரித்தானிய இசைவிழாத் திடல்களில் ஆண்டுதோறும் சுமார் 250,000 கூடாரங்கள் அப்படியே விட்டுச் செல்லப்படுவதாக 2019இல் அங்குள்ள சுயாதீன இசைவிழாக்களின் சங்கம் மதிப்பிட்டது. கூடாரம் ஒன்றின் சராசரி எடை 3.5 கிலோ, மொத்தம் ஏறத்தாழ 900 தொன் குப்பை. தொண்டு நிறுவனங்கள் எடுத்துச் சென்று ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் என்று விட்டுச் செல்வோர் பலர் நம்புகின்றனர். சேற்றில் மிதிபட்டு, கம்பு முறிந்து, நனைந்து கிடக்கும் துணியை யார் எடுத்துக் காயவைத்து மடிப்பது? பெரும்பகுதி எரிக்கவோ புதைக்கவோ போகிறது. தான் செய்ய மறுத்த வேலையைத் தர்மம் என்ற பெயரில் இன்னொருவர் தலையில் கட்டுவதையே இவர்கள் கொடை என்கிறார்கள்.

பொழுதுபோக்காகக் கூடாரமடிக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பிய தாமஸ் ஹிராம் ஹோல்டிங், தொழிலால் தையற்காரர். 1901இல் மிதிவண்டியில் சென்று முகாமிடுவோருக்கான சங்கத்தை ஏற்படுத்தியவர்களில் முதன்மையானவர். 1908இல் முகாமிடுவோர்க்கென ஒரு கையேடும் எழுதினார். கூடாரம் தைத்த துணி என்பது தையற்காரருக்கு மறந்திருக்க முடியாது. நல்ல உடையை மடித்து வைப்பதுபோல் அதையும் மடித்து வைக்க வேண்டும் என்பது அவர் காலத்தில் சொல்லித் தெரியவேண்டிய செய்தியாக இருந்திராது.

சென்ற கோடையில் அம்மம்மா எங்களோடு வந்தார். ஒரே ஓர் இரவுதான் என்ற நிபந்தனையோடு. மழை தூறியபோது சின்னவள் உட்கூரையைத் தொட்டு விளையாட, "கை வைக்காதை குஞ்சு, தொட்ட இடத்தால ஒழுகும்" என்றார். அது பருத்தி கலந்த துணிக்குரிய விதி. எங்கள் கூடாரத்துக்குப் பொருந்தாது. நாங்கள் திருத்தவில்லை. அகதிகளுக்கான ஐ.நா. முகமை வழங்கும் குடும்பக் கூடாரம் அத்தகைய துணியால் ஆனது. ஐவருக்கு 16 சதுர மீட்டர், குறைந்தது ஓராண்டு தாங்க வேண்டும் என்பது கணக்கு. 2009 ஆகஸ்ட் மழையில் மெனிக் பாமில் வெள்ளம் புகுந்தபோது, அந்த அளவுக்குள் நின்றுகொண்டே இரவைக் கழித்ததாக அவர் முன்பொருமுறை சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை, கூடாரத்தை எல்லோரும் சேர்ந்து துடைத்துக்கொண்டிருக்கையில், முகாமிலிருந்து வெளியேறிய அன்று உங்கள் கூடாரத்தை என்ன செய்தீர்கள் என்று மூத்தவன் கேட்டான்.

"காயவைச்சு மடிச்சுக் குடுத்திட்டு வந்தனான். வேற ஆருக்கும் உதவுமெண்டு."

தான் விரும்பிச் சேராத இடத்தில், தன்னுடையது அல்லாத ஒரு துணியை ஒருவர் அப்படிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அவர் மடித்துக் கொடுத்த கூடாரம் யாருக்கேனும் பயன்பட்டதோ இல்லையோ, நாங்கள் அறியோம். எங்கள் கூடாரம் இப்போது கராஜில் இறுக்கமில்லாத ஒரு பருத்திப் பையில், உலர்ந்து கிடக்கிறது. அடுத்த கோடையில் உங்களில் யாருக்கேனும் தேவைப்பட்டால் கேளுங்கள், தருகிறோம். திருப்பித் தரும்போது ஈரத்தோடு மடிக்காதீர்கள்.