காசை முழுங்கும் மெஷினை கோர்ட்டு ஏன் திறந்து பார்க்கவில்லை?

"யாருய்யா உன்னை ஆடச் சொன்னது?"

சூதாட்டத்தில் பணத்தை விட்டவன் வீட்டுக்குப் போனாலும், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும், முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். கேட்பவர் மீது தப்பில்லை. கேள்வியும் நியாயமான கேள்விதான்.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. "மெஷினை ஏன்யா இப்படி செஞ்சே?" என்று மெஷின் வைத்தவனைப் பார்த்துக் கேட்பது. கோர்ட்டில் கூண்டில் ஏற்றி இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் கனடா நாட்டில் 30 ஆயிரம் பேர் வரை சேரக்கூடிய ஒரு கூட்டு வழக்கு போட்டார்கள். 2012-ம் வருடம் தொடங்கிய வழக்கு. 8 வருடம் இழுத்தது. 2020 ஜூலை 24-ந்தேதி அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

9 நீதிபதிகள். 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் இன்னொரு பக்கம். வழக்கு தள்ளுபடி!

விசாரணை நடந்து தோற்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். விசாரணையே நடக்கவில்லை. ஒரு சாட்சி கூண்டில் ஏறவில்லை. ஒரு மெஷினின் மூடியைக் கூட யாரும் கழற்றவில்லை. கதவுக்கு வெளியிலேயே அனுப்பிவிட்டார்கள்.

சர்க்கார் மெஷின்

வழக்கு நடந்த இடம் நியூஃபவுண்ட்லாந்து. கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடல் ஓரத்தில் இருக்கிற மாகாணம். 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர்கள் 155 பேர் நடுக்கடலில் உயிர்காப்புப் படகில் தத்தளித்தபோது மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்களே, அதே ஊர்தான்.

அங்கே மதுக்கடைகளில் 'வீடியோ லாட்டரி' என்று ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். பேர்தான் லாட்டரி. சீட்டு கிடையாது, குலுக்கல் தேதி கிடையாது. காசைப் போட்டு பட்டனை அழுத்தினால் திரையில் படங்கள் ஓடும், நிற்கும். சில வினாடியில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். அடுத்த ஆட்டத்துக்குக் கை தானாகப் போகும்.

இந்த மெஷினை வைத்திருப்பது ஏதோ தாதா கும்பல் என்று நினைக்காதீர்கள். நான்கு மாகாண அரசாங்கங்கள் கூட்டாக நடத்தும் 'அட்லாண்டிக் லாட்டரி கார்ப்பரேஷன்'. லாபம் போவது சர்க்கார் கஜானாவுக்கு.

'மரத்தடியில் பணம் வைத்து சூதாடிய 6 பேர் கைது, ரொக்கம், சீட்டுக்கட்டு பறிமுதல்' என்று நாங்கள் அடிக்கடி செய்தி போடுகிறோம். அந்த ஆறு பேரும் ஒருத்தன் காசை ஒருத்தன் ஜெயித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். நாள் முழுக்க ஆடினாலும் பணம் அந்த ஆறு பாக்கெட்டுக்குள்ளேதான் சுற்றும். மெஷின் அப்படி இல்லை. அதன் பாக்கெட் ஒரே பாக்கெட்.

உள்ளே நடக்கும் கணக்கு

மெஷின் எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பழைய காலத்து ஸ்லாட் மெஷினில் மூன்று சக்கரம். ஒவ்வொரு சக்கரத்திலும் 22 இடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் பெரிய பரிசுப் படம் நடுக்கோட்டில் வர வேண்டும். 22 தடவை 22 தடவை 22. அதாவது 10,648-ல் ஒரு வாய்ப்பு. கஷ்டம்தான். ஆனாலும் கண்ணால் பார்த்து மனக்கணக்கு போடலாம்.

1984-ல் டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை சக்கரம் முடிவு செய்யாது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு நம்பரைப் பொறுக்கும், அந்த நம்பருக்கு உரிய இடத்தில் சக்கரம் நிற்கும். வெளியே 22 இடம். உள்ளே 64 நம்பர் வைத்துக்கொள்ளலாம். பரிசுப் படத்துக்கு ஒரே ஒரு நம்பர். அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய நம்பர். இப்போது வாய்ப்பு என்ன? 2,62,144-ல் ஒன்று!

ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரிவது பழைய 22 இடம்தான். அது மட்டுமில்லை. பக்கத்து வெற்றிடங்கள் அடிக்கடி வருவதால், பரிசுப் படம் கோட்டுக்கு ஒரு விரக்கடை மேலே, இல்லாவிட்டால் கீழே வந்து வந்து நிற்கும். "அடடா! நூலிழையில் போச்சே! அடுத்தது விழுந்துரும்!" என்று இவன் இன்னொரு காசைப் போடுவான். நூலிழையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அடுத்த ஆட்டத்துக்கும் அதே 2,62,144 தான்.

வீடியோ மெஷினில் இன்னொரு தந்திரம். ஒரே சமயத்தில் பல வரிசையில் காசு கட்டலாம். ஒரு டாலர் கட்டுகிறான். ஒரு வரிசையில் 20 சென்ட் விழுகிறது. நம்ம ஊர் மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் 80 சென்ட் நஷ்டம் என்பார். மெஷினோ விளக்கு போட்டு, மணி அடித்து, பாட்டுப் பாடி 'ஜெயித்தாய்' என்கிறது! கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஆடுகிறவரின் விரலில் வியர்ப்பதை அளந்து பார்த்தால், இந்தப் போலி வெற்றிக்கும் நிஜ வெற்றிக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறதாம். மூளைக்குத் தெரிந்தாலும் உடம்புக்குத் தெரிவதில்லை.

யார் ஆடச் சொன்னது என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். தராசில் காந்தம் வைத்த கடைக்காரரைப் பிடித்தால், "அந்தக் கடைக்கு உன்னை யார் போகச் சொன்னது?" என்று வாங்கியவரையா கேட்கிறோம்?

கூட்டமாக வந்தாலும் தப்பு

சரி, கோர்ட்டு ஏன் தள்ளியது?

மெஷினில் பணம் விட்டவன் தனியாக வழக்கு போட முடியாது. அவன் விட்டது சில ஆயிரம் டாலர் என்றால் வக்கீல் பீஸ் அதைவிட அதிகம். அதனால்தான் கூட்டு வழக்கு. ஆனால் கூட்டு வழக்கு என்றால் எல்லாருடைய கதையும் ஒரே கதையாக இருக்க வேண்டும். ஒருத்தன் பொழுதுபோக்குக்கு ஆடினான், ஒருத்தன் பைத்தியம் பிடித்து ஆடினான், ஒருத்தன் வீட்டை விற்றான், ஒருத்தன் அஞ்சு டாலரோடு எழுந்து போய்விட்டான் என்றால் கூட்டம் உடைந்துவிடும்.

அமெரிக்காவில் இதுதான் நடந்தது. கேசினோக்கள் மீதும் மெஷின் தயாரித்த கம்பெனிகள் மீதும் 1994-ல் ஒரு பெரிய வழக்கு போட்டார்கள். வீடியோ போக்கரும் ஸ்லாட் மெஷினும் ஆட்களை ஏமாற்றுகின்றன என்று புகார். 10 வருடம் கழித்து 2004-ல் அப்பீல் கோர்ட்டு சொன்னது: ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்துக்காக ஆடுகிறார்கள், ஏமாந்துதான் ஆடினார்கள் என்று மொத்தமாகச் சொல்ல முடியாது, கூட்டு வழக்காக நடத்த அனுமதி இல்லை. அங்கேயும் மெஷினைத் திறக்கவில்லை.

கனடாக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு சாமர்த்தியமாக ஒரு வழி பிடித்தார்கள். "யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. இந்த மெஷின் ஆபத்தானது, ஆளை அடிமையாக்குவது, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோவது. இதை வைத்து நீங்கள் சம்பாதித்த லாபத்தைக் கக்குங்கள், போதும்" என்றார்கள். மாகாணக் கோர்ட்டு 2016-ல் சரி என்றது. மாகாண அப்பீல் கோர்ட்டும் 2018-ல் வழக்கு நடக்கட்டும் என்றது.

சுப்ரீம் கோர்ட்டில் இந்த வழி அடைபட்டது. நஷ்டத்தைக் காட்டாமல் எதிராளியின் லாபத்தை மட்டும் பிடுங்கும் தனி வழக்கு என்று சட்டத்தில் ஒன்று இல்லவே இல்லை என்று 9 பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கத்தி வீசினான் என்றால் போதாது, உனக்கு எங்கே காயம் என்று காட்டு என்பது மாதிரி.

இன்னொரு வாதமும் வைத்தார்கள். மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, 'ராணி எங்கே?' என்று கேட்டு ஏமாற்றும் தெருவோர வித்தை நமக்கும் தெரியும். கனடா கிரிமினல் சட்டத்தில் அதற்குப் பேர் சொல்லியே தடை இருக்கிறது. மெஷினும் அந்த ஜாதிதான், கண்ணில் ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றைச் செய்கிறது என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரசல் பிரவுன், அந்த வித்தைக்கும் இந்த மெஷினுக்கும் ஒற்றுமை இல்லை என்று முடித்துவிட்டார்.

4 நீதிபதிகள் மட்டும், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்ற புகாரையாவது விசாரிக்க விடலாம் என்றார்கள். ஒரே ஒரு ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் மெஷின் கோர்ட்டுக்கு வந்திருக்கும்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. நீதிபதிகள் சொன்னது சட்டப்படி தப்பு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? தனித்தனியாக நஷ்டத்தைக் காட்டினால் கூட்டம் உடைகிறது. கூட்டமாக வந்தால் நஷ்டம் எங்கே என்கிறார்கள். இரண்டு பக்கமும் பூட்டு.

கியூபெக்கில் கிடைத்தது

அதே கனடாவில் கியூபெக் மாகாணத்தில் மட்டும் கதவு கொஞ்சம் திறந்தது. மெஷினுக்கு அடிமையான ஒருத்தர் அங்கே முன்னால் நின்று வழக்கு போட்டார். அவரே ஒரு வக்கீல்! படித்தவன் ஏமாறமாட்டான் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2002-ல் கோர்ட்டு அனுமதி தந்தது. வழக்கில் சேரக்கூடியவர்கள் 1 லட்சத்து 19 ஆயிரம் பேர் என்று வாதிகள் பக்கம் கணக்கு சொன்னார்கள். 2008 செப்டம்பரில் விசாரணையே ஆரம்பித்தது.

தீர்ப்பு வரவில்லை, ராஜி வந்தது. 2010-ல் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. அங்குள்ள சர்க்கார் லாட்டரி கம்பெனி, மெஷின் மீது குற்றம் என்று ஒப்புக்கொள்ளாமல், சூதாட்ட வெறிக்கு சிகிச்சை எடுத்தவர்களின் வைத்தியச் செலவைத் தருகிறோம் என்றது. விட்ட பணம் விட்டதுதான். சரி, டாக்டரிடம் போன ரசீது இருந்தால் பணம். வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடமே போகாதவன்? அவன்தானே அதிகம் அடிபட்டவன்!

பணம் திரும்பிய இடம்

பணமே திரும்பி வந்த வழக்கும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம். அங்கே ஒரு பழைய சட்டம் இருக்கிறது. சட்டவிரோத சூதாட்டத்தில் தோற்றவன், விட்ட காசை நடத்தினவனிடம் திருப்பிக் கேட்கலாம். அடிமையா, ஏமாந்தானா, எத்தனை நாள் தூங்கவில்லை என்ற விசாரணை எல்லாம் வேண்டாம்.

செல்போனில் ஆடும் 'பிக் ஃபிஷ் கேசினோ' என்ற ஸ்லாட் விளையாட்டு மீது இந்தச் சட்டத்தை வைத்து வழக்கு போட்டார்கள். அதில் ஜெயித்தால் பணம் வராது; வெறும் பொம்மைச் சில்லுதான். பணம் தராத ஆட்டம் எப்படி சூதாட்டம் ஆகும் என்று கம்பெனி கேட்டது. சில்லு தீர்ந்தால் காசு கொடுத்துத்தானே வாங்குகிறான், அப்போது அந்தச் சில்லுக்கு மதிப்பு உண்டு என்று 2018 மார்ச்சில் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. கம்பெனிகள் இறங்கி வந்தன. 2020-ல் 15 கோடியே 50 லட்சம் டாலருக்கு ராஜி. அதில் 3 கோடியே 10 லட்சம் கொடுத்தது யார் தெரியுமா? நிஜ ஸ்லாட் மெஷின் செய்து உலகம் முழுக்க விற்கும் ஆஸ்திரேலியாவின் 'அரிஸ்டோகிராட்' கம்பெனி!

பொம்மைச் சில்லுக்கு 15 கோடி டாலர் திரும்புகிறது. நிஜக் காசை முழுங்கிய நியூஃபவுண்ட்லாந்து மெஷினுக்கு ஒரு டாலர் இல்லை. இது நீதிபதிகளின் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஒரு இடத்தில் சட்டசபை என்றைக்கோ உட்கார்ந்து, தோற்றவன் திருப்பிக் கேட்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. இன்னொரு இடத்தில் அப்படி எழுதவில்லை.

அதனால் இனி வக்கீல்கள் புதுப்புது வாதம் கண்டுபிடித்து கோர்ட்டு கோர்ட்டாக ஏறுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டத்தில் எழுத வேண்டும். உள்ளே 64 நம்பர் வைத்துக்கொண்டு வெளியே 22 காட்டினால் அது ஏமாற்று. ஒரு டாலருக்கு 20 சென்ட் கொடுத்து மணி அடித்தால் அது ஏமாற்று. ஏமாற்று மெஷினில் விட்ட காசை ரசீது இல்லாமலே, கூட்டமாகவே திருப்பிக் கேட்கலாம். சர்க்கார் அனுமதி வாங்கிய மெஷினாக இருந்தாலும் சரி. வாஷிங்டன் சட்டம் சட்டவிரோத ஆட்டத்துக்கு மட்டும்தான். சர்க்காரே நடத்தினால் அது கை வைக்காது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

எழுத வேண்டியவர்கள் யார்? அட்லாண்டிக் கரையில் அந்த நான்கு மாகாண சட்டசபைகள். கார்ப்பரேஷனின் சொந்தக்காரர்களும் அவர்கள்தான். தமிழ்நாட்டில் 1968-ல் சர்க்காரே லாட்டரி ஆரம்பித்து, 2003-ல் சர்க்காரே எல்லா லாட்டரிக்கும் தடை போட்டது. வருமானம் போகும் என்று தெரிந்துதான் போட்டார்கள். கனடாவில் தடை கூட கேட்கவில்லை. ஒரு மெஷினை நீதிபதியின் மேஜையில் வைத்து மூடியைத் திறங்கள் என்றுதான் கேட்டார்கள்.