காசு செல்லாத மைதானம் யாருக்கு?



ஞாயிற்றுக்கிழமை பேரனோடு கால்பந்துப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர் பாட்டிலுக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "காசு வாங்கறதில்லீங்க சார், ஸ்கேன் பண்ணுங்க" என்றார் கடைத் தம்பி. எனக்குப் பின்னால் நின்ற பனியன் கம்பெனித் தொழிலாளி, முந்தின நாள் வாங்கிய சம்பளக் காசு பையில் இருந்தும் வெறுங்கையோடு திரும்பினார்.

லண்டனில் டாட்டன்ஹாம் அணியின் புது மைதானம் 2019இல் திறந்தபோதே ரொக்கம் கிடையாது என்றுதான் திறந்தார்கள். வரிசை சீக்கிரம் நகருமாம். நகரட்டும். நானும் யுபிஐ-யில்தான் கரண்ட் பில் கட்டுகிறேன். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும்தான் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் இன்னமும் பலருக்குக் கையில்தான் வருகிறது. 2016 நவம்பர் 8க்குப் பிறகு அந்தச் சம்பளத்துக்கு ஊரே பட்ட பாடு மறந்துவிட்டதா? செல்போன் இல்லாத பள்ளிப் பிள்ளை இருபது ரூபாயோடு வந்தால் சுண்டல்கூடக் கிடையாதா?

ரூபாய்த் தாளின் பின்பக்கம் தமிழ் உட்பட 15 மொழிகளில் மதிப்பை அச்சிட்டிருப்பது எதற்கு? எல்லோரும் படித்துச் செலவழிக்கத்தானே! ரொக்கம் அரிதாகிப்போன நார்வேயிலேயே, கடைகள் அதை ஏற்க வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள்.

உங்களில் பலர் இன்று கடை, கம்பெனி நடத்துகிறீர்கள். ஸ்கேன் அட்டை இருக்கட்டும். கல்லாப்பெட்டியையும் திறந்து வையுங்கள். வாத்தியார் கேட்பது அவ்வளவுதான்.