லாஸ்ட் நேம் பெட்டியும் யூஎக்ஸ் வேலையும்

"அக்கா, இதுல என்ன போடுறது?"

கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வந்த ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் இருக்கும் பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். திரையில் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு பெட்டிகள். இரண்டாவது பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

அவளுக்குப் பெயர் ஒன்றுதான். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. அந்த எழுத்தைப் போட்டோம், ஓர் எழுத்து போதாது என்றது. புள்ளி வைத்துப் பார்த்தோம், ஏற்கவில்லை. கடைசியில் அப்பாவின் முழுப்பெயரைப் போட்டோம், போய்விட்டது. மூன்று வாரம் கழித்து, ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்யக் கல்லூரிக்கும் இ-சேவை மையத்துக்கும் நான்கு நாள் அலைந்தாள். கூடவே போன அவள் அம்மாவுக்கு நான்கு நாள் கூலி போனது.

அந்தப் பெட்டியை வைத்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஒரு குடும்பப்பெயர் இருந்திருக்கும். எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்திருப்பார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் நம் பிள்ளையைப் பார்த்து, ‘உன் பெயருக்குப் பின்னால் என்ன?’ என்று கேட்கிறது.

அந்தப் பெட்டி ஏன் அங்கே இருக்கிறது, யாரை மறிக்கிறது, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதற்கே சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. அதுதான் யூஎக்ஸ் டிசைன். பயனர் அனுபவ வடிவமைப்பு என்று தமிழில் சொல்கிறார்கள். 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் இருந்த டான் நார்மன் பரப்பிய பெயர் இது. செயலியோ இணையதளமோ, அதைப் பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுகிறார் என்று உட்கார்ந்து பார்ப்பது, காரணத்தைக் கண்டுபிடிப்பது, மாற்றி வரைவது, மறுபடி மக்களிடம் கொடுத்துச் சோதிப்பது. வேலை இதுதான். அழகாக நிறம் தீட்டுவது இதில் ஒரு சின்னப் பகுதி.

சமீபமாக இந்த வேலையைப் பற்றிக் கேட்டு வரும் தம்பி தங்கைகள் அதிகம். யூடியூபைத் திறந்தாலே விளம்பரம் ஓடுகிறது: ‘டிகிரி வேண்டாம், கோடிங் வேண்டாம், ஆறே மாதத்தில் வேலை.’ பாதி உண்மை. கோடிங் தெரியாமல் இந்த வேலைக்குப் போனவர்கள் உண்டு. எந்தப் படிப்பு படித்தவர்களும் இதில் இருக்கிறார்கள். மார்க் ஷீட்டுக்கு முன்னால் ‘போர்ட்ஃபோலியோ’வைத்தான், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான், பெரும்பாலும் கேட்பார்கள்.

மீதிப் பாதியை விளம்பரம் சொல்லாது. இந்த வேலைகளில் பெரும்பகுதி தனியார் துறையில். அங்கே இடஒதுக்கீடு கிடையாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் என்று தெரியும் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காகக் கேத்ரின் நியூமனும் சுரிந்தர் ஜோத்காவும் மனிதவள அதிகாரிகளிடம் பேசியிருந்தார்கள். தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சொன்னவர்களே, குடும்பப் பின்னணியும் முக்கியம் என்று சொல்லியிருக்கிறார்கள். ‘அப்பா என்ன பண்றார், எந்த ஊர்?’ என்ற கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியும்.

போர்ட்ஃபோலியோ பார்த்து எடுக்கும் துறையில் சாதிக்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல லேப்டாப், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை ஆறு மாதம் தாங்கும் குடும்பம், உள்ளே இருந்து பரிந்துரைக்கும் மாமா, சரளமான ஆங்கிலம் எல்லாம் சேர்ந்துதான் பலருடைய போர்ட்ஃபோலியோ உருவாகிறது. இதைத் தெரிந்துகொண்டு போகச் சொல்கிறேன். போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில், கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டிப் பயிற்சி நிறுவனத்தில் சேராதீர்கள். கூகுளின் யூஎக்ஸ் டிசைன் சான்றிதழ் படிப்பு கோர்செரா தளத்தில் இருக்கிறது. நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஃபிக்மா என்ற வரைவு மென்பொருளில் தொடக்கக் கணக்குக்குக் கட்டணமில்லை. பிரவுசரிலேயே ஓடும், கல்லூரி லேபில் திறந்தாலும் போதும். பென்பாட் என்று கட்டற்ற மென்பொருளும் உண்டு.

பட்டமாகவே படிக்க விரும்பினால் வழி இருக்கிறது. ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் தேர்வை எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவரும் எழுதலாம். மூன்று வருட டிகிரி முடித்தவர்கள் சீட் தேர்வு எழுதலாம், பி.ஏ. படித்தவர்களும்தான். ஐஐடிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. தேர்வின் பெயரே தெரியாததால் இந்த வாய்ப்பை நம்மில் பலர் விட்டுவிடுகிறோம்.

அடுத்து, போர்ட்ஃபோலியோ. புதிதாக வருபவர்களில் பலர் சாப்பாடு டெலிவரி செயலியையோ பாட்டுக் கேட்கும் செயலியையோ மாற்றி வரைந்து வைக்கிறார்கள். ஆயிரம் பேரிடம் இருப்பது உங்களிடமும் இருந்து என்ன பயன்? நீங்கள் வரிசையில் நின்ற ஒன்றை எடுங்கள். சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், உதவித்தொகைப் பக்கம், ஹாஸ்டல் சேர்க்கைப் படிவம், நூறு நாள் வேலை வருகைப் பதிவு, எது வேண்டுமானாலும்.

ஐந்து பேரை அந்தப் பக்கத்தின் முன் உட்கார வையுங்கள். உதவி செய்யாதீர்கள். நமக்குத்தான் உடனே சொல்லிக்கொடுக்கத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் விரல் நிற்கிறது, எந்தச் சொல்லைப் பார்த்து முழிக்கிறார்கள், எப்போது ‘நீயே போட்டுடு’ என்று போனை நீட்டுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று இத்துறையின் முன்னோடி ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். பிறகு தாளில் மாற்றி வரையுங்கள், ஃபிக்மாவுக்குக் கொண்டு போங்கள், மறுபடி சோதியுங்கள். நீங்கள் மாற்றியதில் எது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி இரண்டு மூன்று வேலைகள் இருந்தால் விண்ணப்பிக்கத் தொடங்கலாம். முதலில் தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றினால் யோசனை சிதறாது.

ஒரு எச்சரிக்கை. நம் மக்களின் கஷ்டம் உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு அலங்காரம் ஆகக் கூடாது. கேட்டு, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். ஆதார் எண்ணும் முகமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டைப் போடாதீர்கள். கண்டுபிடித்ததை அவர்களிடமே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

சமூகவியலும் சமூகப்பணியும் படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தத் துறையில் ‘யூசர் ரிசர்ச்’ என்று ஒரு வேலை இருக்கிறது. எம்.ஏ.வில் களப்பணி என்று நாம் படித்த நேர்காணலும் உற்றுநோக்கலும்தான் அதற்கு அடிப்படை. அதற்குச் சந்தையில் மதிப்பு இருப்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

‘இது கார்ப்பரேட் வேலைதானே, இதில் இயக்கத்துக்கு என்ன இருக்கிறது?’ என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. வேலையில் சேர்ந்ததும் சமூகநீதி செய்யச் சொல்ல மாட்டார்கள், ‘வாங்கு’ பொத்தானைப் பெரிதாக்கச் சொல்வார்கள். ஆளை ஏமாற்றும் வடிவமைப்புகளில் 13 வகைகளை வரிசைப்படுத்தி ஒன்றிய அரசு 2023-இல் நெறிமுறை வெளியிட வேண்டி வந்ததே, இந்தத் துறையின் யோக்கியதைக்குச் சாட்சி.

ஆனால் 2021-ஐ மறக்க முடியுமா? தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். தளம் முதலில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. மாநில மொழிகள் ஜூன் மாதம்தான் வந்தன. அந்த முதல் பட்டியலிலும் தமிழ் இல்லை, கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். ஸ்மார்ட்போனும் ஆங்கிலமும் இல்லாதவர்களின் கதி என்ன என்று உச்ச நீதிமன்றம் கேட்கும் நிலை வந்தது. உயிர் காக்கும் ஊசிக்கு முன்னால் ஒரு திரை நின்றது. அதை வரைந்த மேசையில் நம் ஆள் ஒருவர் இருந்திருந்தால், முதல் நாளே ‘எங்க அம்மா இதை எப்படிப் பண்ணுவாங்க?’ என்று கேட்டிருப்பார்.

ஓர் ஆள் போய் எல்லாம் மாறிவிடாது. உள்ளே போனவர் இன்னொருவரை இழுக்க வேண்டும். பரிந்துரை செய்ய அவர்களுக்கு மாமா இருக்கிறார், நமக்குத் தோழர்கள் இருக்க வேண்டும். ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்கள் மாதம் ஒரு மாலை ஒதுக்கி, நான்கு பேரின் போர்ட்ஃபோலியோவைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். சங்கம் வைப்பதற்கு அது நல்ல தொடக்கம்.

அந்த மாணவிக்கு உதவித்தொகை வந்துவிட்டது. போன வாரம் படிப்பகத்தில் ஒரு சார்ட் அட்டையில் அந்தப் பக்கத்தை மாற்றி வரைந்து காட்டினாள். பெயருக்கு ஒரே பெட்டி. அதன் கீழே சின்ன எழுத்தில்: ‘ஆதாரில் உள்ளபடி எழுதவும்.’ நட்சத்திரம் அந்த ஒரு பெட்டிக்குத்தான். முதல் வேலை முடிந்தது, இனி ஐந்து பேரைத் தேட வேண்டும் என்றேன். என் போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "முதல் ஆள் நீங்கதான், உட்காருங்க" என்றாள்.