பாலைப் பல்லியும் நெய்தற் காற்றும்

நிலத்திற்கேற்ற உயிர் என்பது நம் பண்டைப் புலவர் நன்கு உணர்ந்த உண்மை. விலங்கையும் பறவையையும் மரத்தையும் கருப்பொருளுள் அடக்கி, அவற்றைத் திணைதோறும் உரிமையாக்கினார் தொல்காப்பியர். பல்லியும் இம்முறைக்குப் புறம்பன்று. குறுந்தொகையின் பாலைப் பாட்டொன்றில், பொருள்தேடிச் செல்லும் தலைவன் கள்ளி வளர்ந்த வறண்ட காட்டிலே பல்லியின் குரலைக் கேட்கின்றான். இன்றோ பல்லி காட்டினின்று கண்ணாடிப் பேழைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதனை விலைகொடுத்து வாங்கி வளர்ப்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். பேழையைக் கொடுத்தோம், அவ்வுயிர்க்குரிய காற்றைக் கொடுத்தோமா? இதுவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் பிழையே ஆதலின், அதனை முதற்கண் கூறிவிடுதல் நேர்மையாகும். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்தது பொம்மையார்பாளையம். அவ்வூரில் வாழும் எம் சிறிய தந்தையாரின் மகன், பன்னிரண்டு வயதினன், சிறுத்தைப் பல்லி ஒன்றை வளர்த்து வந்தான். ஆப்கானித்தானம், பாக்கித்தான் முதலிய நாடுகளின் வறண்ட பாறை நிலங்கள் அதன் தாயகம். ஏனைப் பல்லிகளுட் பெரும்பாலானவற்றிற்கு இல்லாத இமை அதற்குண்டு. சுவரேறும் விரலொட்டு அதற்கு இல்லை. சித்திரைத் திங்களில் யாம் அங்குச் சென்றபோது, அது உரித்த தோல் முற்றும் நீங்காது விரல்களில் வளையம்போல் இறுகிக் கிடந்தது. குருதியோட்டம் தடைப்பட்டமையால் ஒரு விரலின் நுனி கருகி உதிர்ந்தது. யாம் மேனாட்டு வளர்ப்பு நூலொன்றைப் புரட்டிப் பார்த்து, "தம்பி, ஈரம் போதவில்லை, நாள்தோறும் இருமுறை நீர் தெளி" என்று அறிவுரை கூறி வந்தோம்.

தம்பி எம் சொல்லை வேதமாகக் கொண்டான். ஆடி கழிந்தது, ஆவணி கழிந்தது, ஐப்பசி மழையும் தொடங்கிற்று. அவன் தெளிப்பதை நிறுத்தவில்லை. தீபாவளி விடுமுறையில் யாம் மீண்டும் சென்றபோது பேழையின் சுவரெல்லாம் நீர்த்துளி வழிந்தது. பல்லியின் வயிற்றுத்தோல் சிவந்திருந்தது. அது வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிற்று. கால்நடை மருத்துவர் மார்ச்சளி என்றார். கார்த்திகை பிறந்த சில நாளில் அது இறந்தது. தம்பி எம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அவன் கூறாமையே எமக்குப் பெருங்குறையாயிற்று.

நிற்க. அந்நூல் பொய் கூறிற்றா? இல்லை. தன் நாட்டிற்கு உண்மை கூறிற்று. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர்க் காற்று 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 பாகையில் 17 கிராம்; உறைநிலையிலோ 5 கிராமும் தாங்காது. தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு உள்ளது என்பதையே ஈரப்பதம் என்கிறோம். பனிக்காலத்து வெளிக்காற்று ஈரம் நிறைந்திருப்பினும், அதனை வீட்டினுள் 20 பாகைக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 30-க்கும் கீழே வீழ்கின்றது. ஆதலின் குளிர்நாட்டார் நீர் தெளிக்கின்றனர். நம் கடற்கரையிலோ காற்றே கடலின் ஈரத்தைச் சுமந்து வருகின்றது. மழைக்காலத்தில் ஈரப்பதம் 80-ஐக் கடந்து நிற்கும் நாட்கள் பல. அங்கே மருந்தாவது இங்கே நஞ்சாகின்றது. நூலைப் பெயர்த்துக் கொண்ட யாம், காற்றைப் பெயர்க்க முடியாது என்பதை மறந்தோம்.

அற்றேல் சித்திரையில் தோல் ஒட்டியது ஏன் எனின், கூறுதும். சிறுத்தைப் பல்லி வறண்ட நிலத்ததாயினும், பகலெல்லாம் தங்குவது பாறை இடுக்கிலும் வளையிலும். ஆண்டுள்ள காற்று வெளியினும் ஈரமுடையது. ஆகவே அதற்கு வேண்டுவன இரண்டு: 30 முதல் 40 வரை ஈரப்பதமுள்ள உலர்ந்த பேழை, அதனுள்ளே தோலுரிக்குங்கால் புகுந்து கிடக்க ஓர் ஈரவளை. மூடியுள்ள சிறு பெட்டியில் நுழைவாயில் வெட்டி, நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை இட்டால் அதுவே ஈரவளை. தம்பியின் பல்லிக்குக் குறைந்தது பேழையின் ஈரமன்று, இவ்வளையே. நிலம் முழுதும் நனைந்தால் பாலை நெய்தலாகிவிடும். ஒரு மூலை நனைந்தால் பாலை பாலையாகவே இருக்கும்.

மழைக்காலத்தில் 40 என்னும் அளவு நமக்கு எட்டாது. எனினும் செய்யத்தக்கன உள. கண்ணாடி மூடியை நீக்கிக் கம்பிவலை இடுக. தரையில் தாளை விரித்து, நனைந்தவுடன் மாற்றுக. நீர்க்கலம் சிறிதாயிருக்கட்டும். ஒரு புறத்தைக் கட்டுப்பாட்டுக் கருவியின் துணையோடு வெப்பமுறச் செய்க: 26 பாகையில் 80 ஈரப்பதமுள்ள காற்று 32 பாகைக்குச் சூடேறின், துளி நீரையும் அகற்றாமலே ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கும். தெளிப்பானைக் கையில் எடுக்குமுன் ஈரப்பதமானியைப் பார்க்க. நியூ கலிடோனியாத் தீவின் மழைக்காட்டுக் கொண்டைப் பல்லிக்கு இவ்வறிவுரை பொருந்தாது; அதற்கு இரவில் ஈரமும் பகலில் உலர்வும் மாறிமாறி வேண்டும். உயிர்தோறும் திணை வேறு.

அம்மானி பிழைபடக் காட்டின் என் செய்வது? இதற்கு விடை உப்பிலேயே உள்ளது. தூய உப்பில் சில துளி நீர்விட்டு, கரைந்துவிடாமல் சேறுபோல் குழைத்து, ஒரு சிறு மூடியில் வைத்து, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத கலத்தில் ஒரு நாள் அடைத்து வைக்க. கலத்தினுள் ஈரப்பதம் 75 ஆகும். அறையின் வெப்பம் சிறிது கூடினும் குறையினும் அது பெரிதும் மாறாது. மானி 70 காட்டினால், அது 5 குறைத்துச் சொல்கிறது என்று அறியலாம். ஆனால் பொம்மையார்பாளையத்திற்கு வடக்கே மரக்காணத்து அளங்களில் வாரிய கல்லுப்பை அப்படியே எடுத்தல் ஆகாது. அதில் கலந்துள்ள மக்னீசிய உப்பு, காற்று ஓரளவு உலர்ந்திருக்கும்போதே ஈரத்தை இழுத்துக் கசியும். சோதனைக்குத் தூய்மை செய்த உப்பே வேண்டும். அளத்தில் உழைப்போர், காற்றின் ஈரம் மிகின் உப்பு விளையாது என்பதைத் தம் மேனியாலேயே அறிவர். அவர்க்கு அண்டையில் வாழும் நாம், காற்றை அளவாமல் ஓருயிரை அடைத்து வைத்தல் நாணத்தக்கதன்றோ?

காட்டில் வாழும் பல்லி வெப்பம் மிகின் நிழலைத் தேடும். வறட்சி மிகின் வளையில் ஒளியும். பேழைப் பல்லிக்கு அவ்வுரிமை இல்லை. அதன் வானமும் மழையும் கோடையும் நாமே. எனவே, சட்டம் இசையும் உயிரா என்று ஆராயாமலும், அதன் தாயகத்துக் காற்று எத்தகையது என்று அறியாமலும் அதனை வாங்குதல் தகாது என்பது எம் துணிபு. அன்பு மட்டும் போதும் என்பார்க்கு ஒன்று கூறுவோம்: தம்பியிடம் அன்பு குறைவாயிருக்கவில்லை, தெளித்த ஒவ்வொரு துளியும் அன்பே. அளவறியாத அன்பே அப்பல்லியைக் கொன்றது.

அண்மையில் தம்பி எமக்கு எழுதிய கடிதத்தில், வெறும் பேழையில் ஈரப்பதமானியை வைத்து, காலையும் மாலையும் அளவைக் குறித்து வருவதாகவும், ஓராண்டுக் கணக்கு நிரம்பிய பின்னரே மற்றொரு பல்லியைப் பற்றி எண்ணப் போவதாகவும் தெரிவித்திருக்கிறான். அறிவுரை கூறிய யாம் கற்க வேண்டிய பாடத்தை, கேட்டு நடந்த அவன் முந்திக் கற்றுவிட்டான்.