வெள்ளை நிறமும் கேட்கும் காதும்: இராஜபாளையம் நாய் வளர்ப்போருக்குச் சில வார்த்தைகள்

காளை, பசு, செம்மறி, கோழி ஆகியவற்றின் ஜாதி அபிவிருத்தியைப் பற்றியே படித்துப் பழகிய குடியானவர்களுக்கு, நாயின் ஜாதியைப் பற்றி ஒருவன் எழுத முற்படுவது வீண் வேலையாகத் தோன்றக்கூடும். மாலையில் பட்டியில் அடைத்த ஆடு காலையில் உயிரோடு எழுந்து நிற்குமா என்பது நாயைப் பொறுத்த காரியமாகிவிட்ட இக்காலத்தில் அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்திக் குடியானவர்கள் மறியல் செய்ததும் நம் ஜில்லாவில் அறியாதார் இலர். கிளுவை வேலியும் படலும் ஆட்டை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தா. ஆகையால், நல்ல காவல் நாய் வேண்டுமென்று என்னைப் போன்றோரிடம் குட்டி கேட்டு வருவோர் தொகை பெருகியிருக்கிறது. அவர்கள் என்ன கேட்கிறார்கள், நாங்கள் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பற்றியே இங்கு சொல்லவேண்டியிருக்கிறது.

பல்லடம் தாலூகாவில் எனக்குச் சிறிது தோட்டமும், ஒரு விசைத்தறிக் கொட்டகையும் உண்டு. பதினான்கு ஆண்டுகளாக இராஜபாளையம் ஜாதி நாய்களை வளர்த்து, ஈற்றுக்கு விட்டு வருகிறேன். இதனால் யான் பெரும் பொருள் ஈட்டியவன் அல்லன். கம்பு, முட்டை, பால், தடுப்பூசி, வைத்தியம் ஆகியவற்றின் செலவைக் கணக்கிட்டால் தறியில் ஓடும் நூலே மேல் என்று என் வீட்டார் கூறுவதற்கு இன்றளவும் மறுமொழி கண்டேனில்லை.

இந்த ஜாதி, விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த இராஜபாளையத்தின் பெயரால் வழங்குவது. உயர்ந்த கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, பால் போன்ற வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் இவை இதன் லக்ஷணங்கள். முற்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும், பண்ணை வீட்டின் காவலுக்கும் இதனை வைத்திருந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை போயிற்று. காவல் மாத்திரம் எஞ்சியது. பாளையக்காரர் போர்களில் இந்நாய்கள் குதிரைப் படையை எதிர்த்த கதைகளைக் குட்டி விற்போர் மிக்க உற்சாகத்தோடு சொல்லுவார்கள். கதையினால் குட்டியின் விலை ஏறும், காது கேட்டுவிடாது.

வேலை போன பின் கௌரவம் வந்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் ஒன்று இராஜபாளையத்தினுடையது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி தமது வானொலிப் பேச்சில் இதனையும், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபுவளக் காரியாலயம் நம் தேசத்து நாய்களுள் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று ஜாதிகள் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் என்பன. நம் மாகாண அரசாங்கமும் 2024-இல் நாய் வளர்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, நாட்டு ஜாதிகளுக்கு ஆதரவு காட்டியிருக்கிறது. இவை யாவும் நல்லவையே. ஆனால் பாராட்டைக் கேட்டவர்கள் நாயின் வேலையைக் கேட்டு வரவில்லை, படத்தில் கண்ட வெள்ளையைக் கேட்டு வந்தார்கள். காதோரம் ஒரு சிறு பழுப்புத் திட்டு இருந்தால் விலை பாதியாகும். மூக்கில் ஒரு கரும்புள்ளி இருந்தால் கலப்பு என்பார்கள். இராஜபாளையம் ஈற்றுகளில் நிறமுடைய குட்டிகளும் பிறப்பதுண்டு. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டு வெள்ளையையும் வெள்ளையையும் சேர்த்ததன் பலனை இப்பொழுது அநுபவிக்கிறோம்.

அப்பலன் செவிடு. தோலுக்கும் மயிருக்கும் நிறத்தைத் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்தாலன்றி அங்கே ஒலியை உணரும் நுண்மயிரணுக்கள் பிழைத்திருக்கமாட்டா. மிக வெளுத்த நாயின் உட்செவியில் அந்நிற அணுக்கள் இல்லாது போவதுண்டு. அப்பொழுது குட்டி பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே கேள்வி அழிந்து, பிறகு எவ்வைத்தியத்தாலும் மீளாது. ஒரு காது மட்டும் போவதும் உண்டு, இரண்டும் போவதும் உண்டு. டால்மேஷன் என்னும் புள்ளி நாய்களில் இதனை மேனாட்டார் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவில் சோதித்த அந்நாய்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30-க்கு ஒரு காதோ இரு காதுமோ கேளாதென்று கண்டார்கள். நீலக்கண் உடையவற்றில் இக்குறை அதிகம். பிறவியிலேயே பெரிய நிறத்திட்டு உடையவற்றில் குறைவு. அதாவது, எந்தத் திட்டைக் கண்டு நம்மவர் விலையைக் குறைக்கிறார்களோ, அதுவே காது கேட்பதற்கு ஓர் நல்ல அடையாளம்.

இதனை யான் படித்து அறிந்ததற்கு முன் பட்டு அறிந்தேன். என் மூன்றாவது ஈற்றில் ஏழு குட்டிகள். அவற்றுள் ஓர் ஆண் குட்டி மாசற்ற வெள்ளை. தறிகள் ஓடும் இரைச்சலில் மற்றவை வாலை ஒடுக்கிக்கொண்டு ஓட, இது மாத்திரம் கொட்டகையின் வாசற்படியில் கால் நீட்டி உறங்கும். இதைப் போன்ற தைரியசாலியைக் கண்டதில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் முப்பது ஆடு வைத்திருந்த ஒருவர், இரண்டு ஆட்டின் கிரயத்தைக் கொடுத்து அதனைக் கொண்டுபோனார். ஓராண்டு சென்றபின் ஒரு நாள் இரவில் அவர் பட்டியில் தெருநாய்கள் புகுந்தன. அவர் சாளையில் படுத்திருந்தார். நாய் அவிழ்த்தே இருந்தது. பதினொரு ஆடுகள் மாண்டன. விடிந்ததும் என்னிடம் வந்த அவர் கோபமாகப் பேசவில்லை. "நாய் எந்திரிக்கவே இல்லீங்க" என்று மாத்திரம் சொன்னார்.

அன்று பிற்பகல் அவர் பட்டிக்குச் சென்று, உறங்கும் நாயின் பின்னால் நின்று இரும்பு வாளியைத் தடியால் அடித்தேன். அது கண் விழிக்கவில்லை. அருகே சென்று தரையை மிதித்தவுடன் துள்ளி எழுந்து வாலை ஆட்டியது. அதன் தைரியம் இன்னதென்று அப்பொழுதுதான் விளங்கிற்று.

குட்டியின் கிரயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து ஆடுகளும் வாங்கிக் கொடுத்தேன். மீதி ஆறும் இன்னமும் என் கணக்கில் பற்றாகவே நிற்கின்றன. நாயை அழைத்துவந்து, கருத்தடை அறுவை செய்வித்து, வீட்டிலேயே வைத்திருக்கிறேன். வேறொருவராயின் அதனை ஏதேனும் ஒரு சந்தைப்பேட்டையின் ஓரத்தில் விட்டுப் போயிருப்பார். அவ்வாறு விடப்பட்ட ஜாதி நாய்களைப் பல்லடத்தைச் சுற்றிய சாலைகளில் யானே கண்டிருக்கிறேன். சாலையோரங்களில் கொட்டப்படும் கோழிக் கழிவைத் தின்று, அவை தெருநாய்களோடு சேர்ந்து பெருகுகின்றன. வேட்டைக்கென்று நீண்ட காலும், விடாத பிடியும் அமைந்த ஜாதியின் இரத்தம் அக்கூட்டத்தில் கலந்தால் பட்டிகளின் கதி என்னவாகுமென்று ஆடு வைத்திருப்போர் யோசித்துக்கொள்ளலாம். காவலுக்கென்று நாய் விற்பவனே கள்வனையும் உண்டாக்கி விடுகிறான் என்று சொன்னால் என்னைச் சேர்ந்தவர்களுக்கு வருத்தம் உண்டாகும். ஆயினும் அது மெய்.

ஆகையால் யான் கேட்பது ஒன்றே: காதைச் சோதியாமல் எந்தக் குட்டியையும் கைமாற்றலாகாது. மூளையில் எழும் மின்னலைகளைப் பதிந்து காணும் கருவியால் ஒவ்வொரு காதையும் தனித்தனியே நிச்சயிக்கலாம். இங்கிலாந்தில் 1990-கள் முதல் டால்மேஷன் குட்டிகளை இவ்விதம் சோதித்து, கேட்கும் காதுடையவற்றையே ஈற்றுக்குத் தெரிந்தெடுத்து வந்ததால் செவிடு குறைந்து வந்திருக்கிறது. அக்கருவி நம் கைக்கு எட்டும்வரையில் இரண்டு காதும் கேளாத குட்டியையாவது எவரும் கண்டுகொள்ளக்கூடும். ஆறாவது வாரத்தில், ஒவ்வொரு குட்டியையும் உடன்பிறந்தவற்றினின்றும் பிரித்துத் தனி அறையில் விடவேண்டும். ஏனெனில், செவிட்டுக் குட்டி மற்றவை ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடி நம்மை ஏமாற்றிவிடும். அது வேறு பக்கம் நோக்கியிருக்கையில் அதன் கண்ணில் படாமல் நின்று சாவிக்கொத்தை ஆட்டவேண்டும், அல்லது ஊதலை ஊதவேண்டும். தரையில் எதையும் தட்டலாகாது. அதிர்வைப் பாதத்தால் உணர்ந்து திரும்பிவிடும். கை தட்டினால் காற்றும் நிழலும் காட்டிக் கொடுக்கும். இரண்டு நாள் இடைவிட்டு மூன்று முறை செய்து குறித்து வைப்பது உத்தமம். தறி வைத்திருப்போர் தறியை நிறுத்திவிட்டுச் செய்யவேண்டுமென்பதை யான் சொல்லவும் வேண்டுமா?

சோதித்ததைக் குறிக்க ஒரு புஸ்தகம் வேண்டும். தாய், தந்தை, அவற்றின் தாய் தந்தை, குட்டிகளின் தொகை, நிறம், காது, யாரிடம் சென்றது என்னும் விவரங்களை எழுதி வந்தால் போதும். உடன்பிறந்தவற்றைச் சேர்த்து ஈற்று எடுக்கும் வழக்கமும் புஸ்தகம் இருந்தால்தான் ஒழியும். காங்கேயம் காளை விஷயத்தில் நமக்கு இவையெல்லாம் புதியவை அல்ல. பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தையில் பொலிகாளைகளைத் தெரிந்தெடுத்து வளர்த்த முறையைக் கேட்டறிந்த மண் இது. கண்ணபுரம் சந்தையில் நிறத்தையும் சுழியையும் எண்ணிப் பார்ப்பவர்கூட, வண்டியில் பூட்டி நடத்திப் பாராமல் விலை பேசமாட்டார். அதே குடியானவர் நாயென்றால் வெளுப்பை மாத்திரம் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி வளர்ப்போர் மாகாண விலங்குநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை ஈற்றுக்கு விடலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், ஆயுளில் ஐந்துக்கு மேலும் எடுக்கலாகாது. எட்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டியை விற்கலாகாது. எட்டு வாரம் காத்திருந்தால் ஆறாவது வாரத்துச் சோதனைக்கு வேண்டிய அவகாசம் தானே கிடைக்கும். முப்பது நாளில் குட்டியைத் தள்ளிவிடுவோர், காது கெட்டதைத் தாமும் அறியாமல் பிறர் தலையில் கட்டுகின்றனர்.

கிராம அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை. தெருநாய்களால் மாண்ட கால்நடைகளுக்கு நஷ்டஈடு வழங்க 2025-இல் அரசாங்கம் முன்வந்திருக்கிறது. ஆடு இறந்தால் புதைக்குமுன் கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவிக்கவேண்டுமென்பதை ஆட்டுக்காரர் பலர் இன்னும் அறியார். அதைத் தண்டோரா போட்டேனும் தெரிவிக்கலாம். ஆனால் நஷ்டஈடு ஆட்டின் கணக்கைத் தீர்க்குமே தவிர, நாய் எங்கிருந்து வந்ததென்ற கணக்கைத் தீர்க்காது. பஞ்சாயத்துகளில் வீட்டு நாய்களுக்கும் தோட்டத்து நாய்களுக்கும் ஒரு பதிவேடு வைத்து, வெறிநோய்த் தடுப்பூசி போடும் நாளிலேயே நாயின் உடையவர் பெயரையும், வாங்கிய இடத்தையும் எழுதிக்கொண்டால், பிறகு விட்டுப்போனவர் யாரென்று தேடவேண்டியிராது. என் பெயரையும் அதில் முதலில் எழுதிக்கொள்ளட்டும்.

வருகிற தை மாதத்தில் என் பெட்டையை ஈற்றுக்கு விட எண்ணியிருக்கிறேன். அதற்கு யான் தெரிந்தெடுத்திருக்கும் கடுவன் இடது காதிலிருந்து கழுத்துவரை பழுப்புத் திட்டு உடையது. இரண்டு வயதான அதன் காதை இரவிலும் பகலிலும் சோதித்துப் பார்த்திருக்கிறேன். குட்டிகள் முழு வெள்ளையாக இல்லாவிட்டால் வேண்டாமென்று இருவர் இப்பொழுதே சொல்லிவிட்டனர். நான்கு பேர் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் காங்கேயத்து ஆட்டுக்காரர். அவரிடம் கிரயம் வாங்குவதாக இல்லை.