குறிப்புச் சீட்டற்ற படம்

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத நடுவில் பெங்களூர் நகர ரெயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் திரண்டு நின்றனர். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து கல்விக்காகவும் பிழைப்புக்காகவும் அந்நகருக்கு வந்தவர்கள் அவர்கள். ரம்ஜான் பண்டிகையை ஒட்டித் தங்கள் இனத்தார் தாக்கப்படுவர் என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி பரவியிருந்தது. மாநில உள்துறை அமைச்சரே நிலையத்துக்கு வந்து உறுதிமொழி கூறினார். எனினும் கௌஹாத்திக்கு விடப்பட்ட சிறப்பு வண்டிகள் நிரம்பியே சென்றன. ஆகஸ்டு 17-ஆம் தேதி மத்திய அரசாங்கம் தலையிட்டு, ஒருவர் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளை 15 நாட்களுக்கு ஐந்துக்கு மேற்படாமல் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

ஊரைவிட்டுச் சென்றவர்களைப் பகுத்தறியாதவர் என்று இகழ்வது எளிது, அது நியாயமன்று. அவ்வாண்டு ஜூலையில் அஸ்ஸாமின் கோக்ரஜார் பகுதியில் நிகழ்ந்த கலவரம் உண்மை. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தங்கியதும் உண்மை. மைசூரில் ஒரு திபெத்திய மாணவர் கத்தியால் குத்தப்பட்டதும் உண்மையே. இவ்வுண்மைகளின் முதுகில் ஏறித்தான் பொய் பயணம் செய்தது. அந்நாட்களில் இணையத்தில் பரவிய படங்களுள் ஒன்று, பிணக்குவியலின் நடுவே பௌத்த பிட்சுக்கள் நிற்பதைக் காட்டியது. பர்மாக் கலவரத்தின் காட்சி என்று அதற்கு விளக்கம் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது 2010 ஏப்ரலில் சீனாவின் சிங்காய் மாகாணத்தில், திபெத்தியர் வாழும் யூஷூ பகுதியில் நேர்ந்த பூகம்பத்தின்போது எடுக்கப்பட்டது. பிணங்களும் மெய், பிட்சுக்களும் மெய். இடமும் ஆண்டும் மட்டுமே மாற்றப்பட்டிருந்தன.

மாணவனிடம் “எதையும் நம்பாதே” என்று கூறுவதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். படத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கினும் அதில் பொய் தென்படாது. கேட்க வேண்டிய கேள்வி படத்துக்கு வெளியே இருக்கிறது.

அக்கேள்வி விஞ்ஞான ஆசிரியருக்குப் புதிதன்று. உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டும்போது, எங்கே, எந்நாளில், யாரால் பறிக்கப்பட்டது என்ற குறிப்புச் சீட்டையும் ஒட்டச் சொல்கிறார். சீட்டு உதிர்ந்துவிட்டால், செடி எவ்வளவு அழகாயிருப்பினும், ஆராய்ச்சிக்கு அது ஏறக்குறைய உதவாது. மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் படிக்கும் ஊழியரும், மண் மாதிரிப் பையின்மேல் சர்வே எண் எழுதும் விரிவாக்கப் பணியாளரும் இதே விதியைத்தான் பின்பற்றுகின்றனர். கைபேசியில் வந்து விழும் படம் சீட்டு உதிர்ந்த மாதிரி. இதைச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பாடநூலோ தேர்வோ தேவையில்லை. உண்மையில், தேர்வு வைத்தால் விடைகளை மனப்பாடம் செய்துவிட்டு மாணவர் மறந்துவிடுவர்.

இடம், நாள், எடுத்தவர் என்ற மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: முன்னும் பின்னும் வெட்டப்பட்டது என்ன? 2018-இல் குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகப் பரவிய வீடியோ ஒன்றில், இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் தெருவிலிருந்து ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பைப் பற்றி எச்சரிக்க எடுக்கப்பட்ட குறும்படம் அது. சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவிப்பு அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ நறுக்கிவிட்டனர். அவ்வாண்டு மே 23-ஆம் தேதி பெங்களூர் சாமராஜப்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞர் குழந்தை திருடுபவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில், கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதனால் எழுந்த சந்தேகத்தில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் அக்காலத்திலேயே சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை அறியும் வகுப்புகள் நடத்தப்பட்டன. பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் வகுப்பறையில் கற்ற கேள்வியை மாணவன் வீட்டில் கேட்க முடிகிறதா என்பதே கடினமான இடம். செய்தியை அனுப்புபவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர் அல்லர். மாமா, பெரியப்பா, சில வேளைகளில் ஆசிரியரே. ஆதாரம் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். “பெரியப்பா, இது எந்த ஊரில் எடுத்தது என்று உங்களுக்கு அனுப்பியவரைக் கேட்டுச் சொல்கிறீர்களா?” என்று பணிவோடு கேட்கவும் பயிற்சி வேண்டும். நான்கு வகை ஆதாரங்களைப் பட்டியலிடக் கற்பிப்பதைவிட இவ்வொரு வாக்கியத்தைக் கற்பிப்பது மேல்.

போலிப் படத்தில் விரல்களை எண்ணிப் பார், நிழலைக் கவனி என்று கற்பிக்கும் உத்திகள் சில உண்டு. செயற்கை அறிவு உருவாக்கும் படங்கள் நாளுக்கு நாள் திருந்தி வருவதால் அவை நெடுங்காலம் நிலைக்கமாட்டா. அன்றியும், சந்தேகத்தை மட்டும் கற்ற மாணவன் புயல் எச்சரிக்கையையும் தடுப்பூசி அறிவிப்பையும் பொய்யென்று தள்ளிவிடுவான். ஆகவே வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பு எங்கே வெளியாகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரை விசாரிப்பது என்பவையும் அதே பாடத்தில் இடம்பெற வேண்டும்.

மொழியும் கவனத்துக்குரியது. வதந்தி வீட்டுப் பேச்சில் வருகிறது. மறுப்போ பெரும்பாலும் அலுவலக மொழியில், நாள் கடந்து வருகிறது. பெங்களூர் போன்ற பல மொழி நகரத்தில் அந்த இடைவெளி இன்னும் அகலமானது. அதைவிட வருந்தத்தக்கது, அலுவலகங்களின் உண்மையான அறிவிப்புகளும் பல வேளைகளில் தேதியின்றிப் புகைப்படமாகச் சுற்றுவது. பூச்சித் தாக்குதல் பற்றிச் சென்ற பருவத்தில் அனுப்பிய எச்சரிக்கை இப்பருவத்தில் மறுபடி வந்தால், உழவர் எதைக் கொண்டு அதன் காலத்தை அறிவார்? முதல் வரியிலேயே தேதியையும் வட்டத்தின் பெயரையும் அனுப்பும் அலுவலகத்தையும் எழுத அரை நிமிடம் போதும்.