தாழி செய்வோருக்கு என்ன பங்கு?

ஜார்ஜிய ஒயினை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் வாசகம், ‘எட்டாயிரம் ஆண்டு மரபு’. பொய்யில்லை. திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா என்ற மேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை மதுவின் வேதித் தடயங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள், காலம் கி.மு. 6000-ஐ ஒட்டியது. ஆனால் இன்று ஏற்றுமதியாகும் ஒயினில் பெரும்பகுதி, அந்த மரபின் மண்தாழியில் அல்ல, எஃகுத் தொட்டியில் தயாராவது. பெயர் மட்டும் தாழிக்கு. லாபம் வேறு இடத்துக்கு. இது நேர்மையன்று.

க்வெவ்ரி எனப்படும் அந்தத் தாழியைச் சக்கரத்தில் வனைவதில்லை. களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, ஒரு சுற்று இறுகிய பிறகே அடுத்ததை ஏற்றுகிறார்கள். பெரிய தாழி எழும்ப வாரக்கணக்காகும். சூளையிலிருந்து எடுத்ததும் சூடு ஆறுமுன் உட்புறம் தேன்மெழுகு பூச வேண்டும். பிறகு வாய்வரை மண்ணில் புதைத்து, சாறு, தோல், காம்பு, விதை எல்லாம் உள்ளே விட்டு மூடினால், திறக்க ஐந்தாறு மாதம். 2013-இல் யுனெஸ்கோ இந்த முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். தாழி செய்யத் தெரிந்த குடும்பங்களோ சொற்பம்.

தாழியோடு பழைய திராட்சை ரகங்களும் அருகியதற்குக் காரணம் காலம் மட்டுமல்ல. ஐந்நூறுக்கும் மேற்பட்ட திராட்சை ரகங்கள் கொண்ட மண்ணில், டன் கணக்கை மட்டுமே பார்த்த சோவியத் திட்டக்காரர்கள் ர்கட்சிதெலி, சபெராவி போன்ற சிலவற்றையே பரப்பினார்கள். 1985-இல் கோர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் தோட்டங்களே பிடுங்கப்பட்டன. குடி குறைய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்குக் கொடி என்ன பாவம் செய்தது? அந்தக் காலத்தில் மரபைக் காத்தது எந்த நிறுவனமும் அல்ல. கக்கேத்தி, இமெரெத்தி பகுதிகளில் வீட்டுத் தேவைக்கென நாலு கொடியும் ஒரு தாழியும் விடாமல் வைத்திருந்த கிராமத்தார்தான்.

கடன் அவர்களுக்கே உரியது. இன்னொரு அருங்காட்சியகம் கட்டி அதை அடைக்க முடியாது. வார்திசுபானி, மகதுபானி போன்ற ஊர்களில் இந்தக் கைவேலையைக் கற்க முன்வரும் இளைஞருக்கு மாதச் சம்பளம் வேண்டும். அருகிவரும் ரகத்தை வளர்க்கும் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவை, மரபின் பெயர் சொல்லி ஏற்றுமதி செய்பவர்களிடமே ஜார்ஜிய அரசு தீர்வையாக வசூலிக்கட்டும்.